தாத்தாவின் சவரக்கத்தி

(மைசூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக க்ஷேத்திர யாத்திரை பற்றியும், சங்கீதம் பற்றியும், சர்க்கரை வியாதி பற்றியும் பேசுவார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் சவரக்கத்தி. தலைப்பை அறிவித்தவுடன் முன்வரிசையில் இரண்டு மாமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். பயப்பட வேண்டாம். க்ஷவரம் செய்துகொள்ளத்தான் நாள் பார்க்க வேண்டும். அதைப் பற்றிப் பேசுவதற்கு எந்த நாளும் நல்ல நாளே.

நம் சாஸ்திரத்துக்கும் கத்தி அந்நியமானதல்ல. குழந்தைக்குச் சௌளம் செய்யும்போது, இவனைத் துன்புறுத்தாதே என்று கத்தியிடமே வேண்டிக்கொள்கிற மந்திரம் உண்டு. ஞான மார்க்கத்தில் நடப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வந்த கடோபநிஷத்து, உவமைக்கு எடுத்துக்கொண்டது சவரக்கத்தியின் கூரைத்தான். ஆகவே மகரிஷிகள் பேசிய விஷயத்தைத்தான் நானும் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து மைசூருக்கு வந்து நான்கு தலைமுறை ஆகிறது. தாத்தா கட்டிய வீட்டை விற்று, அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பப் போகிறது என்று முடிவானபோது, பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டிகளைக் காலி செய்தோம். இது இங்கே பல வீடுகளில் நடப்பதுதான். வெண்கலப் பானைக்கும் வெள்ளிக் கும்பாவுக்கும் உடனே ஆள் கிடைத்துவிடும். இரும்பு என்றால் எடைக்குத்தான். துருப்பிடித்த பூட்டு, பாக்குவெட்டி, கதவுக் கீல்களோடு ஒரு மடக்குக் கத்தியும் பழைய இரும்புக் குவியலில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். தாத்தாவின் சவரக்கத்தி. நான் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்தவன். இரும்பு என்றால் கை சும்மா இருக்காது. அதை மீட்டெடுத்த அனுபவத்தையும், அதிலிருந்து தெரிந்துகொண்டவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மைசூர் எஃகும் லண்டன் கத்தியும்

கத்தியின் கழுத்தில் முத்திரை இருந்தது. கம்பெனியின் பெயர் பாதி தேய்ந்துவிட்டது. ஆனால் 'ஷெஃபீல்ட்', 'இங்கிலாந்து' என்ற இரண்டு சொற்களும் தெளிவாகத் தெரிந்தன. இந்த மாதிரி ஊர்ப்பெயர், நாட்டுப்பெயர் முத்திரைகளுக்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் ஷெஃபீல்ட் சரக்கு என்ற பெயரில் விற்கப்படுகின்றன என்று ஆங்கிலேயர்கள் புகார் சொல்லி, 1887-இல் சரக்கு முத்திரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தியாவிலும் 1889-இல் அதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. 1890-இல் அமெரிக்கா, இறக்குமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே 'இங்கிலாந்து' என்று பொறித்த கத்தி, பெரும்பாலும் அந்தக் காலத்துக்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம்.

ஷெஃபீல்ட் என்றதும் மைசூர்க்காரர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை இருக்கிறது. கன்னடத்தில் எஃகுக்கு 'உக்கு' என்று பெயர், தமிழில் 'உருக்கு'. இந்த 'உக்கு' என்ற சொல்லே ஆங்கிலேயர் வாயில் 'வூட்ஸ்' என்று ஆனதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு கம்பெனியார் பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை இந்தச் சீமை முழுவதும் சுற்றிப் பார்த்து எழுதச் சொன்னார்கள். அவர் 1807-இல் வெளியிட்ட பயண நூலில், இங்கே எஃகு செய்த முறை விவரமாக இருக்கிறது. சிறிய களிமண் மூசையில் இரும்புத் துண்டை வைத்து, ஆவாரைக் குச்சியும் பச்சிலையும் சேர்த்து, வாயை மூடி, துருத்தி ஊதி உருக்குவார்கள். குச்சியும் இலையும் கரியாகி இரும்போடு சேர, அது எஃகாகிவிடும். சன்னபட்டணத்தில் வாத்தியங்களுக்கு எஃகுத் தந்தி இழுத்ததையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். நம் வீட்டு வீணைகளுக்கும் இந்த மண்ணின் இரும்புக்கும் அப்படி ஒரு சம்பந்தம்.

புக்கானன் வருவதற்கு முன்பே, பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இந்த எஃகின் மாதிரிகளை அனுப்பியிருந்தார். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர், கூர் நிற்கவேண்டிய கருவிகளுக்கு இந்திய எஃகே உயர்ந்தது என்று சொல்லி அதில் கத்திகள் செய்தார். அவரோடு சேர்ந்து எஃகு ஆராய்ச்சியில் இறங்கியவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் மின்சாரத்தால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே. அவர் கொல்லர் ஒருவரின் பிள்ளை. இருவரும் சேர்ந்து 1820-இலும் 1822-இலும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். தாம் உருக்கிய எஃகில் சவரக்கத்திகள் செய்வித்து ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார்.

இதைச் சொல்லிவிட்டு, "ஆகவே என் தாத்தாவின் கத்தி மைசூர் எஃகில் செய்யப்பட்டது" என்று முடித்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் அது உண்மையாகாது. ஷெஃபீல்டில் 1740-களிலேயே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் தம் வழியில் மூசையில் எஃகு உருக்கக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே நல்ல கத்திகளுக்குப் பெரும்பாலும் ஸ்வீடன் நாட்டு இரும்பையே உபயோகித்தார்கள். நம் எஃகு அவர்களுடைய ஆராய்ச்சியைத் தூண்டியது. ஆனால் அவர்களுடைய கத்தியாகிவிடவில்லை. நம் பெருமைக்கு உண்மையே போதும். 2004-இல் சாரதா ஸ்ரீனிவாசனும் ஸ்ரீனிவாச ரங்கநாதனும் இந்த வூட்ஸ் எஃகைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். ஆர்வம் உள்ளவர்கள் வாங்கிப் படிக்கலாம்.

செய்யக் கூடாதவை

துருப்பிடித்த கத்தியைக் கையில் எடுத்ததும் என்ன செய்யத் தோன்றும்? வீட்டில் புளி இருக்கிறது, பாத்திரம் தேய்க்கும் பொடி இருக்கிறது. "பித்தளைச் சொம்பு மாதிரி ரெண்டு தேய் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடுமே" என்று என் அகத்துக்காரியும் சொன்னாள். பித்தளைக்குப் புளி சரி. எஃகுக்குப் புளிப்பு ஆகாது. துருவோடு நல்ல இரும்பையும் தின்று, சாம்பல் நிறமாக்கிவிடும். பொடியோ முரடு, அது போடும் கீறலை எடுக்க இரண்டு வாரம் வேண்டும்.

இரண்டாவது, பாலிஷ் சக்கரம். எனக்குத் தெரிந்த ஒருவர் தம் தகப்பனாரின் கத்தியை ஒரு பாலிஷ் கடையில் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க அழகு. ஆனால் கூரின் ஓரமாக நீலம் பாய்ந்திருந்தது. கத்தியின் உடல் கூரை நோக்கி வரவரக் காகிதம் போல் மெலிந்துகொண்டே போகும். சக்கரத்தின் உராய்வுச் சூடு அந்த மெல்லிய பகுதியில்தான் சட்டென்று ஏறும். சுமார் 200 டிகிரியைத் தாண்டினாலே, தோய்ச்சல் கொடுத்து ஏற்றிய கடினம் இறங்க ஆரம்பித்துவிடும். நீலம் தெரிந்தால் அதையும் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. கழுத்திலிருந்த எழுத்தும் சக்கரத்தோடு போய்விட்டது. மேலும், சுழலும் சக்கரம் கத்தியைப் பிடித்து இழுத்து எறிந்தால் அது எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. ஆகவேதான் கையால் மெருகு போடுவது. நேரம் ஆகும், ஆனால் கை சுடுவதற்கு முன் கத்தி சுடாது.

மூன்றாவது, கைப்பிடி. பழைய கத்திகளுக்கு எருமைக்கொம்பு, எலும்பு, தந்தம், செல்லுலாய்டு என்று பலவிதமான பிடிகள் உண்டு. செல்லுலாய்டு பழசாகி அழுக ஆரம்பித்தால் அதிலிருந்து வரும் அமில ஆவி கத்தியையே அரித்துவிடும். அப்படிப்பட்ட பிடியைக் கழற்றி அப்புறப்படுத்துவதே நல்லது. தந்தப்பிடி இருந்தால், அதை விற்கவோ வாங்கவோ நினைக்காதீர்கள். நம் நாட்டில் தந்த வியாபாரத்துக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. மைசூரின் பெயர்பெற்ற பதிப்பு வேலைக்காரர்கள்கூடத் தந்தத்தை விட்டு வேறு பொருள்களுக்கு மாறிவிட்டார்கள். எங்கள் கத்தியின் பிடி எருமைக்கொம்பு. வறண்டு, ஒரு ஓரம் பூச்சி அரித்திருந்தது. அதற்கு எண்ணெய் தடவித் தடவி ஊறவிட்டதே போதுமானதாக இருந்தது.

செய்தவை

முதலில் கூரை மழுக்கினேன். ஒரு கண்ணாடி பாட்டிலின் மேல் கூரை வைத்து லேசாக இரண்டு தடவை இழுத்தேன். கேட்கச் சங்கடமாக இருக்கலாம். எப்படியும் கடைசியில் புதிதாகத் தீட்டப் போகிறோம். நடுவில் விரலை இழக்க வேண்டாம் அல்லவா? அதன்மேல் டேப்பையும் மடித்து ஒட்டினேன். பிறகு கத்தியை ஒரு தேக்குப் பலகையில் படுக்க வைத்து, அசையாதபடி இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் பிடிக்க வைத்தேன். கையில் பிடித்துக்கொண்டு தேய்க்கவே கூடாது.

ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெய் தடவி வைத்து, மேல் துருவை மிக மெல்லிய இரும்பு நாரால் எடுத்தேன். சிவப்புத் துரு வந்துவிட்டது. அடியில் கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. சிவப்புத் துரு இரும்பைத் தின்னும். கறுப்புப் படலம் அவ்வளவு கெட்டதல்ல. இரும்பின்மேல் இறுகிப் படிந்து ஓரளவு காப்பாகவும் இருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை மிச்சம்.

பிறகு வாட்டர் பேப்பர். தேவராஜ மார்க்கெட் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் 400, 600, 800, 1000, 1500, 2000 என்று வரிசையாக வாங்கினேன். எண் ஏற ஏறப் பொடி நுண்மையாகும். பாட்டில் தக்கையை அரைவட்டமாகச் செதுக்கி, அதன்மேல் தாளைச் சுற்றி, தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுத் தேய்த்தேன். கத்தியின் பக்கம் குழிவாக இருப்பதால் தட்டையான கட்டை உதவாது. கை எப்போதும் முதுகிலிருந்து கூரை நோக்கியே போக வேண்டும். கூரிலிருந்து முதுகுக்கு வரவே கூடாது.

இதில் ஒரு ரகசியம்தான் உண்டு. ஒரு தாள் போட்ட கோடுகள் முழுவதும் மறைந்த பிறகே அடுத்த தாளை எடுக்க வேண்டும். மறைந்ததா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு தாளுக்கும் திசையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள். பழைய கோடு குறுக்கே நின்று காட்டிக்கொடுத்துவிடும். அவசரப்பட்டு 400-இன் கோட்டை வைத்துக்கொண்டு 1000-க்குப் போனால், பளபளப்புக்கு நடுவே அந்தக் கோடு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். சாயங்காலம் அரை மணி நேரம் என்று கணக்கு வைத்து, முழு வேலைக்கும் ஐந்து வாரம் ஆயிற்று. கடைசியில் பிராசோவைத் துணியில் தொட்டுத் துடைத்தேன். சில கத்திகளில் பொன்பூச்சுச் சித்திரம் இருக்கும். அதன்மேல் பாலிஷ் பட்டால் நிமிஷத்தில் போய்விடும். அங்கே வெறும் எண்ணெயும் துணியும் போதும்.

முதுகை மட்டும் மிக லேசாகத் தொட்டேன். காரணம் இருக்கிறது. சவரக்கத்தியைக் கல்லில் முதுகும் கூரும் ஒருசேரப் படியும்படி படுக்க வைத்துத்தான் தீட்டுவார்கள். முதுகின் கனம்தான் கூரின் கோணத்தை நிர்ணயிக்கிறது. முதுகை ஒரு பக்கம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் கூரின் கோணமே கோணலாகிவிடும்.

எங்கே நிறுத்துவது?

இங்கே எங்கள் வீட்டில் ஒரு விவாதம் எழுந்தது. துரு அரித்த இடங்களில் ஊசிமுனை அளவுக்குக் குழிகள் இருந்தன, உள்ளே கறுப்பு. நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி வீடியோவில் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னும் கொஞ்சம் தேய்ச்சு கண்ணாடி மாதிரி பண்ணிடேன். இங்க ஷோகேஸ்ல வெச்சுக்கறேன்" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. தாத்தாவின் பொருள் பளபளக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆனால் குழியைப் போக்குவது என்றால், குழியின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள இரும்பு முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். எடுத்த இரும்பு திரும்பி வராது. கழுத்திலிருக்கும் எழுத்தும் அதோடு போகும். கூருக்குப் பக்கத்தில் குழி இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தீட்டும்போது அங்கே கூர் உடையும். உடலில் இருக்கும் குழியால் ஒரு கெடுதலும் இல்லை. கூரோரத்தை மட்டும் சுத்தமாக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். "உனக்குக் கண்ணாடி வேணும்னா கண்ணாடி வாங்கித் தரேன், இது கத்தி" என்றேன். அவன் இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. அது எங்களுக்குள் தொடரட்டும்.

கூர் பார்த்தவர்

மெருகு போடத் தெரியும்; சவரத்துக்குத் தீட்டுவது வேறு வித்தை. நம் தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நன்றாகத் தீட்டிய கூர் 1 மைக்ரானுக்கும் குறைவு. டூல் ரூமில் நான் தீட்டிய உளிகளுக்கு அவ்வளவு தேவைப்பட்டதில்லை. விசாரித்ததில், மைசூரில் அறுபது வருஷம் சலூன் வைத்திருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார்கள். எண்பத்தைந்து வயது. பேரன் கடையை நடத்துகிறான். அங்கே இப்போது எல்லாம் பாதி பிளேடு செருகித் தூக்கியெறியும் கத்திகள்தான். எய்ட்ஸ், மஞ்சள்காமாலை பற்றிய விழிப்பு வந்த பிறகு அது அவசியமான மாற்றம். அதைக் குறை சொல்ல முடியாது. ஜில்லெட்டின் சேஃப்டி ரேசர் 1903-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வருஷம் 51தான் விற்றதாம். அது படிப்படியாக உலகத்தையே பிடித்துக்கொண்டது. பழைய கத்தி பெட்டிக்குள் போய்விட்டது.

பெரியவர் தம் அடைப்பத்தை எடுத்து வந்தார். நாவிதர் கருவிப் பைக்குத் தமிழில் அடைப்பம் என்று பெயர்; கன்னடத்தில் ஹடப. உள்ளே தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்த ஒரு கல், ஒரு தோல் வார். கத்தியை வாங்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஐந்து வாரம் போட்ட மெருகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்னடத்தில் கேட்டார்:

"ஸ்வாமி, இதை உங்கள் தாத்தாவே தீட்டிக்கொண்டாரா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"இல்லை. வீட்டுக்காரர் தீட்டினால் ஒரு பக்கம் அதிகம் தேயும். கை பழக்கப்பட்ட பக்கமாகவே அழுத்தும். இது இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறது. எங்கள் ஆள் ஒருவர் பல வருஷம் தீட்டியிருக்கிறார். நல்ல வேலைக்காரர்."

எனக்குப் பேச்சு எழவில்லை. முப்பத்தோரு வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்தவன் நான். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். இரண்டு பக்கத்துத் தேய்மானமும் மயிரிழை மாறாமல் ஒன்றாக இருந்தது.

பெங்களூரில் இருக்கும் என் அத்தைக்குப் போன் செய்தேன். தொண்ணூற்றொரு வயது. ஞாபகம் கல்வெட்டு. "ஆமாண்டா, ஒருத்தர் வருவார். செவ்வாய் வெள்ளி வரமாட்டார். திண்ணையோரம் உட்காருவார். அப்பாவோட கத்தியைத் தன் கல்லுலதான் தீட்டுவார். தீபாவளிக்கு வேஷ்டி, அரிசி, எண்ணெய் குடுப்போம். வாசல் தாண்டி உள்ள வரமாட்டார். அப்பா குளிச்சுட்டுத்தான் உள்ள வருவார்" என்றாள். "அவர் பேர் என்ன அத்தை?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள். "பேரா? பேர் சொல்லி யாருடா கூப்பிட்டா? தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்" என்றாள்.

பெரியோர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கத்தி செய்யப்பட்ட ஊரின் பெயர் எனக்குத் தெரியும். அதன் எஃகை ஆராய்ந்த வெள்ளைக்காரர்களின் பெயரெல்லாம் இந்த மேடையில் சொல்லிவிட்டேன். வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, என் தாத்தாவின் கழுத்தில் கத்தியை வைத்து ஒரு கீறல் படாமல் வேலை செய்து, அந்தக் கத்தியையும் இத்தனை நேர்த்தியாகக் காப்பாற்றிக் கொடுத்தவரின் பெயர் மட்டும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. கழுத்தை ஒப்படைக்கும் அளவுக்கு நம்பிக்கை இருந்தது. பெயரைக் கேட்கும் அளவுக்கு உறவு இருக்கவில்லை. அந்தக் கால வழக்கம் அப்படி என்று சொல்லிவிடலாம். வழக்கம் என்று சொன்னால் விளக்கம் கிடைக்கிறது, பெயர் கிடைக்கவில்லை.

சலூன் பெரியவரிடம் நான்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவருடைய கல்லும், நான் வாங்கிய 1000, 4000, 8000 எண் நீர்க்கற்களும் வைத்துக் கற்றுக்கொடுத்தார். கல்லில் கூர் முன்னால் போக வேண்டும். வாரில் முதுகு முன்னால் போக வேண்டும். திருப்பும்போது கூரைத் தூக்காமல் முதுகின்மேல் புரட்ட வேண்டும். அழுத்தம் கத்தியின் சொந்த எடைக்கு மேல் கூடாது. "உங்கள் கைக்கு இரும்பை ஜெயிக்கத் தெரிந்திருக்கிறது, இதை ஜெயிக்கக் கூடாது" என்றார். தட்சிணையாக எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். நான்காவது ஞாயிறு, கத்தியை வாரில் ஐம்பது தடவை இழுத்து, எனக்கு அவரே சவரம் செய்துவிட்டார். அவர் கை நடுங்குகிறது. கத்தி கன்னத்தைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. அவர் பெயரை அனுமதி கேட்டு எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அச்சில் வேண்டாம் என்று அவரே சொன்னதால் இங்கே சொல்லவில்லை.

காப்பாற்றும் விதம்

வெளியூர் அன்பர்களுக்காகச் சில நடைமுறைக் குறிப்புகள். மைசூரில் காற்று உலர்ந்தது. கத்தி கொஞ்சம் தாங்கும். சென்னை, மும்பை போன்ற கடலோர ஊர்களில் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். உபயோகித்ததும் துடைத்து, ஈரம் போக உலரவிட்டு, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். தோல் உறைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும். மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பெட்டியில் போட்டு வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். ஒருவர் கத்தியை இன்னொருவர் உபயோகிக்கவே கூடாது. விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோய்விடும். பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

நான் இப்போது வாரம் ஒருமுறை தாத்தாவின் கத்தியால்தான் சவரம் செய்துகொள்கிறேன். ஷோகேஸில் வைத்தால் அது சாமான். வேலை செய்தால்தான் கத்தி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பரண்களிலும் இரும்புக் குவியல் இருக்கும். எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை கிளறிப் பாருங்கள். பாக்குவெட்டி, அரிவாள்மணை, தச்சர் செய்த ஊஞ்சல் கொக்கி, எதுவாகவும் இருக்கட்டும். யாருடையது என்று எழுதி வைக்கும்போது, அதைச் செய்தவர், தீட்டியவர், பழுது பார்த்தவர் பெயரையும் விசாரித்து எழுதுங்கள். வீட்டில் தொண்ணூறு வயதுப் பாட்டியோ அத்தையோ இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். எஃகைக் கூட மீட்டெடுத்துவிடலாம். ஒரு தலைமுறை போய்விட்டால் பெயரை மீட்டெடுக்க எந்த வாட்டர் பேப்பரும் இல்லை.